அச்சமும் கடமையும்

ஒரு தொழிலை ஏற்றுக்கொண்டவர் அத்தொழிலுக்குரிய கடமைகளை வழுவாது செய்தல் வேண்டும் என்பது உலகம் ஒப்பிய அறம். ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு வேலையைத் தட்டிக் கழிப்பது கள்ளாமை என்னும் விரதத்திற்கு மாசு உண்டாக்கும் என்பதையும் இல்லறத்தாராகிய நாம் அறிவோம். ஆனால், வேலை செய்ய மனம் இருக்கிறது. அறிவும் பயிற்சியும் இருக்கின்றன. அவ்வேலையின் ஒரு பகுதியில் கை வைக்கும்போது மட்டும் உடல் நடுங்கி, கண் இருண்டு, மயங்கி விழும் நிலை ஒருவருக்கு இருக்குமாயின் அவரை என்னவென்று சொல்வது? கடமை தவறியவர் என்பதா? நோயாளி என்பதா? தம்மை வேலையில் வைத்துக்கொள்ளுமாறு கேட்க அவருக்கு உரிமை உண்டா? இவ்வினாக்களைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

அச்சம் வேறு, அச்சநோய் வேறு

அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவது அறிவுடைமை. பாம்பைக் கண்டு விலகுவதும், வெள்ளம் பெருகும் ஆற்றில் இறங்காதிருப்பதும் உயிரைக் காக்கும் அச்சங்கள். இவற்றை யாரும் நோய் என்று சொல்வதில்லை. மருத்துவர்கள் ‘ஃபோபியா’ என்று குறிப்பிடும் அச்சநோய் இதனின்றும் வேறானது. அதனால் துன்புறுவோர், தம் அச்சம் அளவுக்கு மீறியது என்பதைப் பெரும்பாலும் தாமே உணர்ந்திருப்பர். உணர்ந்தும் அதனை அடக்க அவர்களால் இயலுவதில்லை. உயரம், மூடிய அறை, ஊசி, குருதி, சில விலங்குகள் என்று இவ்வச்சத்தின் பொருள் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இவற்றுள் ஊசியையும் குருதியையும் பற்றிய அச்சநோய்க்கு ஒரு தனி இயல்பு உண்டு. மற்ற அச்சங்களில் நாடித் துடிப்பு விரைந்தபடியே இருக்கும். இதிலோ முதலில் விரையும் துடிப்பு திடீரெனத் தளர்ந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, அம்மனிதர் மயங்கிச் சாய்ந்து விடுவதும் உண்டு. ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்நிலை காணப்படுவதும் மருத்துவ உலகம் அறிந்ததே. ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்று அருகிலிருப்பவர் கூறும் அறிவுரை, வீழ்கின்ற இரத்த அழுத்தத்தை நிறுத்தாது. இதற்கு மருத்துவம் இல்லாமலும் இல்லை. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக நெருங்கிப் பழகும் முறையும், கைகால் தசைகளை இறுக்கி இரத்த அழுத்தம் வீழாமல் தடுக்கும் பயிற்சியும் பலருக்குப் பயன் தந்துள்ளன. பின்னதை, சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் லார்ஸ்-யோரான் ஓஸ்டும் அவருடன் பணியாற்றியோரும் 1980-களில் ஒழுங்குபட வகுத்துத் தந்தனர்.

ஆகவே அச்சநோய் சோம்பலும் அன்று, கோழைத்தனமும் அன்று. அதே வேளையில், அது மாற்றவே முடியாத விதியும் அன்று. இவ்விரு உண்மைகளையும் ஒருசேர நெஞ்சில் நிறுத்திக்கொண்டால்தான் மேலே சொல்லப்போகும் வழக்குகளை நடுநிலையோடு எடைபோட இயலும்.

ஊசிக்கு அஞ்சிய மருந்தாளுநர்

இவ்வினா அமெரிக்க நாட்டில் நீதிமன்றம் வரை சென்று ஆராயப்பட்டுள்ளது. அந்நாட்டில் 1990-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைக்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. உடற்குறையோ மனக்குறையோ உள்ள ஊழியர், தம் பணியின் இன்றியமையாக் கடமைகளைச் செய்ய வல்லவராயின், அவற்றைச் செய்வதற்கு ஏற்ற நியாயமான மாற்று ஏற்பாட்டை முதலாளி செய்து தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். அந்த ஏற்பாடு தொழிலுக்குத் தாங்கொணாத சுமையாக இருத்தல் கூடாது என்பதும் அதிலேயே சொல்லப்பட்டுள்ளது.

நியூயார்க் மாநிலத்தில் மருந்தாளுநர் ஒருவர், ரைட் எய்ட் என்னும் நிறுவனத்திலும் அதற்கு முன் அந்தக் கடைகளை நடத்தியவர்களிடத்திலுமாக 34 ஆண்டுகள் பணியாற்றி வந்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். 2011-ஆம் ஆண்டு அந்நிறுவனம் தன் மருந்தாளுநர் அனைவரும் வாடிக்கையாளருக்குத் தடுப்பூசி போடவேண்டும் என்று விதி செய்து, அதனைப் பணி விவரக் குறிப்பிலும் சேர்த்துக்கொண்டது. இம்மருந்தாளுநருக்கோ ஊசி என்றால் அச்சநோய். ஊசி போட முற்பட்டால் தாம் மயங்கி விழக்கூடும் என்பதை மருத்துவரின் கடிதத்தோடு நிறுவனத்துக்கு அவர் தெரிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

வழக்கு 2015-இல் ஜூரிகள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டது. ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்து, ஏறத்தாழ 26 இலட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்றனர். விசாரணை நீதிபதி அத்தொகையைக் குறைத்தாரேனும் தீர்ப்பை நிலைநிறுத்தினார். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தடுப்பூசி போடுதல், அவர் நீக்கப்பட்ட காலத்தில் அப்பணியின் இன்றியமையாக் கடமையாகிவிட்டது. அவருக்காக ஒரு செவிலியரை அமர்த்துவதோ, இருவர் பணிபுரியும் கடைக்கு அவரை மாற்றி மற்றவரைக் கொண்டு ஊசி போடச் செய்வதோ அக்கடமையிலிருந்து அவரை அறவே விடுவிப்பதாகுமே அன்றி, அதனைச் செய்ய அவருக்கு உதவுவதாகாது. அச்சம் நீங்குவதற்கான மருத்துவத்தை அளிப்பதும் முதலாளியின் சட்டக் கடமை அன்று என்பது அம்மன்றத்தின் முடிவு.

உயரத்திற்கு அஞ்சிய பாலப் பணியாளர்

இனி மற்றொரு வழக்கு. இல்லினாய் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பாலப் பராமரிப்புக் குழுவில் ஒரு தொழிலாளர் பணிபுரிந்தார். தடுப்போ பிடிமானமோ இன்றி உயரத்தில் நிற்பது என்றால் அவருக்கு அச்சநோய். பாலத்தில் வேலை செய்பவருக்கு உயரம் ஆகாதென்றால் கேட்பவர் நகைக்கக் கூடும். ஆயினும் அக்குழுவில் சில ஆண்டுகள் அவர் செவ்வனே பணியாற்றினார். காரணம் எளியது. குழுவினர் தத்தம் திறமைக்கும் குறைக்கும் ஏற்ப வேலைகளைத் தமக்குள் மாற்றிக்கொள்வது அங்கு வழக்கமாக இருந்தது. இவரால் இயலாத உயர வேலையைப் பிறர் செய்தனர். பிறர் விட்டதை இவர் செய்தார்.

2006-இல் ஒரு நாள், பாலத்தின் உத்தரத்தின் மேல் சென்று செய்யவேண்டிய வேலை அவருக்கு இடப்பட்டது. அங்கே அச்சம் அவரை ஆட்கொள்ள, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டியதாயிற்று. அதன்பின் அவர் பணிக்குத் தகுதியற்றவர் என்று முடிவு செய்யப்பட்டது. அத்தகைய உயர வேலைகளிலிருந்து மட்டும் விலக்களிக்குமாறு அவர் வேண்டியதைத் துறை மறுத்தது. கீழ்மன்றம் துறையின் பக்கமே நின்றது. 2011-இல் மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. உயரத்தில் ஏறும் வேலை குழுவிற்கு இன்றியமையாததுதான். ஆனால் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அதனைச் செய்தே ஆகவேண்டும் என்பது அங்கு நடைமுறையாக இல்லை. அவர்கள் தமக்குள் வேலைகளைப் பகிர்ந்துகொண்டு வந்ததைக் கருதினால், அத்தொழிலாளர் கேட்டது நியாயமான ஏற்பாடே என்று ஜூரிகள் கருத இடமுண்டு என்று கூறி, வழக்கை விசாரணைக்குத் திருப்பியனுப்பியது.

இரண்டிற்கும் இடையே

இரு வழக்குகளிலும் சட்டம் ஒன்றே. அச்சமும் ஏறத்தாழ ஒரே தன்மையது. முடிவு மட்டும் ஏன் வேறுபட்டது? எவருடைய அச்சம் பெரியது என்று மன்றங்கள் அளந்து பார்க்கவில்லை. அந்த வேலையை மற்றவரோடு பகிர்ந்துகொள்ள இடமிருந்ததா என்பதையே பார்த்தன. பாலத்தில் வேலை குழுவினுடையதாக இருந்தது. ஆகவே பகிர முடிந்தது. மருந்துக் கடையிலோ, ஒவ்வொருவரும் செய்தே தீரவேண்டும் என்று காகிதத்தில் எழுதப்பட்டுவிட்டது. ஆகவே பகிர்வதற்கு வழியில்லாது போயிற்று.

இங்கேதான் அறம் சட்டத்தைவிடச் சற்று ஆழமாக நோக்க வேண்டியுள்ளது. அந்தக் காகிதத்தை எழுதியவர் யார்? ஊசி போடும் வேலை என்று தெரிந்தே ஒருவர் செவிலியர் பணியில் சேர்ந்து, பின்னர் எனக்கு ஊசி ஆகாது என்பாராயின், அவர் முறையீட்டில் நியாயம் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தெடுத்துக் கொடுத்தவரிடம் திடீரென ஊசியைக் கொடுத்து, இதுவும் உன் வேலை என்று சொல்வது வேறு. முன்னவர் கடமையைத் தேடிச் சென்றவர். பின்னவரையோ கடமை தேடி வந்தது. இவ்வேறுபாட்டைச் சட்டம் பெரிதாகக் கருதவில்லை; நீக்கிய நாளில் பணியின் கடமை எது என்பதை மட்டுமே அது பார்த்தது. அறத்தின் துலாக்கோலில் இது கருதத்தக்க எடையுடையது. கடமையை இடையில் மாற்றியவர், அம்மாற்றத்தால் வீழ்பவரைத் தாங்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பதே எம் கருத்து.

இதனால் அந்நிறுவனம் தடுப்பூசித் திட்டத்தையே கைவிட்டிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தடுப்பூசி மக்களைக் காக்கும் நற்பணி. கையில் ஊசியோடு மயங்கி விழக்கூடிய ஒருவரிடம் வாடிக்கையாளரின் தோளை ஒப்படைப்பதும் பெரும் பிழை. பிற உயிருக்கு ஊறு நேரக்கூடிய இடத்தில் அச்சமுடையவரின் விருப்பம் பின்னிற்கவே வேண்டும். ஆனால் ஊசி போடும் வேலையிலிருந்து ஒருவரை விலக்குவது வேறு. அவரது வாழ்வாதாரத்திலிருந்தே விலக்குவது வேறு. போதிய கால அவகாசம், மருத்துவத்திற்கு உதவி, அதே ஊதியத்தில் மாற்றுப் பணிக்கான தேடல் ஆகிய இவையெல்லாம் சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், நீண்டகால உழைப்பைப் பெற்றுக்கொண்டவர் செய்யத்தக்க கைம்மாறு.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அது குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளுள் மனநோயும் ஒன்று. அரசு நிறுவனங்கள் தம் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தரவேண்டும். பணிக்காலத்தில் குறைபாடு உற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அவர் வகித்த பணிக்கு அவர் ஏற்றவராக இல்லையெனில், அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. ஆயினும் அது மனநோய்க்குத் தரும் வரையறை கடுமையானது. வாழ்வின் அன்றாடத் தேவைகளையே பெரிதும் பாதிக்கும் அளவிற்கு நோய் முற்றியிருத்தல் வேண்டும். எல்லா அச்சங்களும் அதற்குள் அடங்கிவிடா. தனியார் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் வேலை செய்வோருக்கு அப்பாதுகாப்பு அதே வலிமையோடு கிட்டுவதும் இல்லை.

2021 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இங்கே நினைக்கத்தக்கது. மத்திய ரிசர்வ் காவற்படை அதிகாரி ஒருவர், எண்ணங்கள் மீண்டும் மீண்டும் வந்து அலைக்கழிக்கும் மனநோயாலும் மனச்சோர்வாலும் துன்புற்றவர். அவர்மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை மன்றம் நீக்கியது. அவரை வேறு பணிக்கு மாற்ற நேர்ந்தால் ஊதியமும் பணி நிபந்தனைகளும் காக்கப்பட வேண்டும் என்றது. அதே வேளையில், அம்மாற்றுப் பணி துப்பாக்கி முதலிய ஆபத்தான கருவிகளைக் கையாளுவதாக இல்லாதபடி பார்த்துக்கொள்ள அதிகாரிகளுக்கு உரிமையும் தந்தது. பிறருக்கு ஊறு நேராமலும், நோயுற்றவருக்கு வாழ்வு போகாமலும் ஒரே தீர்ப்பில் வழி காட்டியது போற்றத்தக்கது.

அச்சம் குற்றமாகுமா?

நம்மிடையே வேறொரு வினாவும் எழக்கூடும். நற்காட்சி உடையவன் எழுவகை அச்சமும் நீங்கியவன் என்று நம் நூல்கள் கூறுகின்றனவே. ஊசிக்கும் உயரத்திற்கும் நடுங்குபவர் நற்காட்சி இல்லாதவர் ஆவாரோ? இப்படியொரு சொல்லைப் பெரியவர் ஒருவர் வாயினின்று கேட்ட பிள்ளை, பின்னர் தன் அச்சத்தை எவரிடமும் வாய்திறந்து சொல்லாது. ஆகவே இதற்கு விடை காண்பது அவசியம்.

நம் ஆகம முறையில் பயம் என்பது ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்று. சாரித்திர மோகனீயத்தின் பாற்பட்டது. அதன் உதயம் எட்டாம் குணஸ்தானம் வரையிலும் உண்டு என்பது கர்ம சித்தாந்தம். நற்காட்சி நான்காம் குணஸ்தானத்திலேயே தோன்றிவிடுகிறது. அங்ஙனமாயின், நற்காட்சி பெற்றவரிடத்தும், அதற்கு மேற்பட்ட விரதியரிடத்தும்கூடப் பயத்தின் உதயம் இருக்கக்கூடும் என்பது தெளிவு. ஆன்மாவைப் பற்றிய தெளிவில் ஐயமும் அச்சமும் இல்லாமை ஒன்று. கர்மத்தின் உதயத்தால் உடல் நடுங்குவது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கி, நோயுற்றவரின் நம்பிக்கையைக் குறை கூறுதல் தகாது.

நான்கு தானங்களுள் அபயதானத்தை நாம் உயர்வாகப் போற்றுகிறோம். கொல்லப்பட இருக்கும் உயிரைக் காப்பது அதன் முதற்பொருள். அஞ்சும் உயிருக்கு ‘அஞ்சேல்’ என்று துணை நிற்பதும் அதன் விரிவே. அப்பாலத்தில் தன் தோழனுக்காக உத்தரத்தின் மேல் ஏறிய தொழிலாளர் இச்சொல்லை அறிந்திருக்க மாட்டார். ஆயினும் அவர் செய்தது அபயதானத்தின் சாயல் உடையதே. நீதிமன்றம் பின்னாளில் சட்டமொழியில் கூறியதை அக்குழுவினர் முன்னமே கைகளால் செய்து காட்டியிருந்தனர்.

இருபாலார் கடமை

உரிமை என்று பேசும்போது கடமையையும் உடன் பேசுதல் முறை. அச்சமுடைய ஊழியர் அதனை மறைத்து வைத்து, ஆபத்தான நேரத்தில் வெளிப்படுத்துதல் கூடாது. பணியில் சேரும்போதோ, புதிய கடமை வரும்போதோ முன்கூட்டியே சொல்லிவிடுதல் வாய்மைக்கு அழகு. இயன்ற மருத்துவத்தை நாடவேண்டும். தம் பங்கு வேலையை ஒருவர் ஏற்கும்போது, அவர் பங்கில் வேறொன்றைத் தாம் ஏற்கவேண்டும். எப்போதும் ஒருவரே ஏணியில் ஏறி, மற்றவர் எப்போதும் நிழலில் நிற்பாராயின், அங்கே அச்சமுடையவருக்குக் காட்டிய இரக்கம் உடன் உழைப்பவருக்கு அநீதியாக முடியும். ஏறியவரின் உழைப்பும் ஓர் உயிரின் உழைப்பே அன்றோ?

முதலாளியின் கடமை கேட்பதில் தொடங்குகிறது. எது இயலும், எது இயலாது, எவ்வளவு காலம் வேண்டும், வேறு எவ்விடம் உண்டு என்று எதிரே அமர்ந்து பேசாமல் ஒருவரை வெளியேற்றுதல், வழக்கைக் கேளாமல் தண்டனை அளிப்பதை ஒக்கும். நம்முள் சிறு கடைகளும் தொழிற்கூடங்களும் நடத்துவோர் பலர் உள்ளனர். நான்கு பேர் வேலை செய்யும் கடையில் பெரிய நிறுவனத்தைப் போல மாற்று இடங்கள் இரா. ஒருவர் செய்யாததைச் செய்ய வேறு ஆளும் இரார். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பெரிய நிறுவனத்தில் காகிதம் முடிவு செய்வதை, சிறிய கடையில் முதலாளியே நேரில் முடிவு செய்கிறார். தம் ஊழியரின் முகத்தை அறிந்தவர் அவர். பகிர்ந்துகொள்ளும் வழியைக் காண்பது அவருக்கே எளிது.

ஒருவருக்கு விலக்களித்தால் எல்லோரும் அச்சம் என்று சொல்லிக்கொண்டு வருவர் என்பது சிலர் கூறும் தடை. பொய்யுரைப்போர் எங்கும் உண்டு. அவர்களை மருத்துவரின் சான்றும் உடன் உழைப்போரின் அறிவும் காட்டிக் கொடுக்கும். பொய்யர் ஒருவர்க்கு அஞ்சி, மெய்யான நோயாளர் அனைவரையும் ஐயுறுதல் நீதியன்று. மேலும், அச்சநோய் உடையோர் அதனைப் பறைசாற்றுவதில்லை. நகைப்புக்கு நாணி மறைப்பவரே மிகுதி.

முடிவாக, நாம் கண்டது இதுவே. அச்சநோய் உற்றவருக்குத் தாம் விரும்பிய பணியில் தாம் விரும்பியவாறே இருக்கும் உரிமை இல்லை. பிறர் உயிர்க்கு ஊறு நேருமிடத்தில் அவர் விலகியே நிற்கவேண்டும். ஆனால், நீக்கப்படுமுன் கேட்கப்படும் உரிமையும், தம்மால் இயன்றதைச் செய்து வாழும் உரிமையும் அவருக்கு உண்டு. அவ்வுரிமையைச் சட்டம் எந்த அளவிற்குத் தருகிறது என்பது நாட்டுக்கு நாடு, வழக்குக்கு வழக்கு வேறுபடும். உடன் உழைப்போர் தருவதற்கோ எந்தச் சட்டமும் தடையில்லை. நம் இல்லத்திலும் தொழிலிடத்திலும் அஞ்சி ஒதுங்கும் ஒருவரைக் காணும்போது, ‘ஏன் செய்யவில்லை?’ என்று வினவுமுன் ‘எதனால் இயலவில்லை?’ என்று வினவுவோமாக.